அம்மா கொண்டுபோன கல்யாணப் பதிவேடு

என் கல்யாணம் ஒரு வியாழக்கிழமை காலையில், ஆறு பேர் முன்னிலையில், இருபது நிமிடத்தில் முடிந்தது. மாப்பிள்ளையை அதற்கு முன் இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். ஒரு தடவை பட்டர்வொர்த் ஃபெரியில், கூட்டத்தில். இன்னொரு தடவை எங்கள் வீட்டு முன்னறையில், அம்மா நடுவில் உட்கார்ந்திருக்க. ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு வயது பத்தொன்பது.

அந்தக் கல்யாணத்தைச் செய்துவைத்தது அம்மா. எனக்கு மட்டுமில்லை. அந்த ஒரு வருஷத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் நடந்த கல்யாணம் அத்தனைக்கும் அம்மாதான் காரணம்.

அம்மா சபையின் மூப்பர். அதுவரை எங்கள் சபையில் அந்தப் பொறுப்பு எந்தப் பெண்ணுக்கும் போனதில்லை. சண்டைக்கு முன் மூன்று ஆண்கள் மூப்பர்களாக இருந்தார்கள். ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்த அன்றைக்கு ஒருவர் மார்க்கெட்டில் இருந்தார், வீடு திரும்பவில்லை. மற்ற இருவரும் குடும்பத்தோடு கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்துக்குப் போனார்கள். எந்த ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. மிச்சமிருந்தவர் போதகர் ஒருவர். அவரும் மாதத்தில் பாதி நாள் மலேரியாவில் படுத்திருப்பார். மாதர் சங்கத்தை நடத்திவந்த அம்மாவைக் கூப்பிட்டு, தேவாலயத்துப் பின்னறைச் சாவியைக் கையில் கொடுத்து, "நீங்களே பாத்துக்குங்கம்மா" என்றார்.

அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து நான் சின்னவளாக இருந்தபோதே இறந்துவிட்டார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. சித்தப்பா பிள்ளைகள், மாமன் வீட்டார், ஊரிலிருந்து வந்து வேலை தேடும் யாராவது ஒருவர் என்று எப்போதும் ஆள் இருக்கும். யாருக்கு எந்தப் பள்ளிக்கூடம், யாருக்கு எப்போது ஞானஸ்நானம், யாரோடு யார் பேசக்கூடாது என்பதெல்லாம் அம்மா சொல்வதுதான். அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. ஜெபம்கூட நடந்துகொண்டேதான். முன்னறையில் கதவிலிருந்து ஜன்னல்வரை, ஜன்னலிலிருந்து கதவுவரை. டயர் ரப்பரில் வெட்டிய செருப்பு தரையில் சரக் சரக்கென்று கேட்கும்.

அப்போது ஊரில் ஒரு பேச்சு பரவியது. கல்யாணமாகாத பெண்களைப் பட்டாளத்துக்காரர்கள் கொண்டுபோகிறார்கள். கல்யாணமாகாத ஆண்களை முதலில் சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்புகிறார்கள். குடும்பஸ்தன் என்றால் விட்டுவிடுகிறார்கள். இதை யார் சொன்னார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அம்மா கேட்கவுமில்லை. அன்றைக்கே ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் பெண்கள் பெயரையும் வலப்பக்கம் ஆண்கள் பெயரையும் எழுத ஆரம்பித்தார்.

போதகர் தயங்கினார். மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிக்கை வாசிக்காமல் கல்யாணம் செய்துவைப்பது முறையில்லை என்றார்.

"மூணு வாரத்துல எத்தனை பேரு இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, ஐயரே?" என்றார் அம்மா. "ஒரே ஞாயித்துக்கெழமை மூணு தடவ வாசிங்க. ஆண்டவருக்கு மொத தடவையே காது கேக்கும்."

போதகர் வாசித்தார். சண்டைக்கு முன்னால், ஒரு பெண் கல்யாணத்துக்கு முந்தின வாரம் பாடல் பயிற்சிக்கு வரவில்லை என்று கல்யாணத்தையே தள்ளிவைக்கச் சொன்னவர் இதே அம்மா. இப்போது வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. எல்லா மணப்பெண்களுக்கும் ஒரே வெள்ளைப் புடவை. ரவிக்கையை ஆளுக்குத் தக்கபடி பிடிப்பதும் பிரிப்பதும் என் வேலை. மஞ்சள் கயிற்றில் தாலி. விருந்து என்றால் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும், பால் இல்லாத கோப்பியும். ஒவ்வொரு கல்யாணத்தையும் அம்மா தன் கையாலேயே பதிவேட்டில் எழுதுவார். பெயர், வயது, வேலை, அப்பா பெயர், வீட்டு விலாசம். சாட்சி என்ற இடத்திலும் அநேகமாக அம்மாவின் கையெழுத்துதான்.

ஜார்ஜ்டவுனை ஒட்டிய ஜெலுத்தோங்கில் ஒரு விதவைத் தாய் இருந்தார். அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். அந்தப் பெண்ணுக்கு அம்மா பார்த்த பையன் நல்லவன். மோட்டார் பட்டறையில் வேலை. எப்போதும் சிரித்த முகம். கல்யாணம் முடிந்து எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் தாய் அம்மாவிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஊர்ப் பொண்ணுங்க எல்லாத்துக்கும் முடிச்சு வச்சிட்டீங்க. உங்க பொண்ண மட்டும் வீட்டுல வச்சிருக்கீங்களே, அக்கா. அவளுக்குப் பயம் இல்லையா?"

அம்மா கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார்.  அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம்.

நான் அம்மாவோடு மல்லுக்கு நின்றேன். டீச்சராக வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. சண்டை முடிந்ததும் பயிற்சிக்குப் போவதாக இருந்தேன். "எனக்கு வேணாம்மா. வேற யாருக்காவது செஞ்சு வைங்க" என்றேன். அம்மா நடந்துகொண்டே இருந்தார். "ஊரு கேக்குறது நியாயந்தான்டி" என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளை பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமைச் சேர்ந்தவர். ஃபெரி பட்டறையில் ஃபிட்டர். அம்மா அப்பா இல்லாதவர். கல்யாணத்தன்று மத்தியானம் நாங்கள் இருவரும் முதன்முதலாகத் தனியாக இருந்தபோது, அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உங்களுக்கு இஷ்டமில்லன்னு தெரியும். ஜப்பான்காரன் போறவரைக்கும் இப்படி இருப்போம். அப்புறம் வேணாம்னு சொன்னீங்கன்னா நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்லா."

அறைக்கு நடுவில் ஒரு போர்வையைக் கட்டினோம். அம்மா அதைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை தினமும் காலையில் முதல் ஃபெரிக்குப் போய், மாலையில் எதையாவது கொண்டுவருவார். ஒருநாள் கீரை. ஒருநாள் பழைய இரும்பில் தானே செய்த, தேங்காய் துருவும் ஒரு கட்டை. அம்மாவோடு நன்றாகப் பேசுவார். என்னை 'நீங்க' என்பார். இப்படி ஏழு வாரம் போயிற்று.

எட்டாவது வாரம் திங்கட்கிழமை, அவரோடு வேலை செய்யும் ஒரு மலாய்க்காரர் அவருடைய சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். ஃபெரித் துறையில் லாரியை நிறுத்தி, வரிசையில் நின்ற ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். தூக்கைத் திறந்து பார்த்தேன். அவர் சாப்பிட்டிருக்கவில்லை.

அம்மா உடனே கிளம்பினார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆள் சேர்க்கும் அலுவலகம் இருந்தது. வாசலில் ஏற்கெனவே பெண்கள் நின்றிருந்தார்கள். மூன்று நாள் அம்மாவும் நானும் அங்கே போய் நின்றோம். காவலாளியைக் கண்டால் இடுப்புவரை குனிய வேண்டும். ஆண்டவர் முன்னால் தவிர வேறெங்கும் தலை குனிய மாட்டேன் என்று பெண்கள் கூட்டத்தில் சொன்ன அம்மா, எனக்கு முந்திக் குனிந்தார்; என் முதுகையும் கையால் அழுத்தினார்.

மூன்றாம் நாள் ஒரு கிளார்க் வெளியே வந்து மலாயில் கத்தினார். "எல்லாரும் கல்யாணமானவன், கல்யாணமானவன்னு சொல்றீங்க. எங்கே அத்தாட்சி?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா முன்னறையில் நடக்க ஆரம்பித்தார். கதவு, ஜன்னல், கதவு. போதகர் காய்ச்சலில் இருந்தார். அவரிடம் கேட்டு ஒரு கடிதம் எழுதி வாங்குவதற்கும் வழியில்லை. எனக்கு அந்தச் செருப்புச் சத்தம் தாங்கவில்லை. கணவர்மேல் எனக்கு அன்பு வந்திருந்ததா என்று கேட்டால், இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்தத் தூக்கில் சோறு அப்படியே இருந்தது மட்டும் நெஞ்சில் நின்றது.

"பதிவேட்டக் கொண்டுபோங்கம்மா" என்றேன். "அதுல எல்லாம் இருக்குல்ல. நாள், கையெழுத்து, எல்லாம்."

அம்மா நின்றார். "அத வெளிய கொண்டுபோகக் கூடாது."

"கொண்டுபோயிட்டுத் திருப்பிக் கொண்டாந்து வச்சிடலாம். யாருக்குத் தெரியும்?"

அதைச் சொன்னது நான். இதை இங்கேயே தெளிவாக எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை அம்மா பின்னறையைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். கறுப்புத் துணி அட்டை போட்ட பெரிய புத்தகம். ஒரு பழைய துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். அத்தாட்சி இருக்கிறது என்று சொன்னதும் எங்களை உள்ளே விட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி; 'துவான்' என்று மரியாதையாகத்தான் அவரைக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் மலாய் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளர், ஃபார்மோசாக்காரர், இப்போது தைவான் என்கிறார்களே, அந்த ஊர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அம்மா பதிவேட்டை விரித்து என் கல்யாணத்தைக் காட்டினார். அதிகாரி அதைப் பார்த்தார். பிறகு முந்தின பக்கத்தைத் திருப்பினார். அதற்கு முந்தின பக்கத்தை. ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சிரித்தார்.

"இது சர்ச்சா, கல்யாண ஃபேக்டரியா என்று துவான் கேட்கிறார். ஏன் இவ்வளவு?"

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அவருடைய காதோரம் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன்.

"சண்டை நேரம் துவான். பெண்கள் தனியாக இருக்கப் பயப்படுகிறார்கள்" என்றார் மலாயில்.

"எதற்குப் பயம்?"

"எல்லாவற்றுக்கும்" என்றார் அம்மா.

அதிகாரி பதிவேட்டை மூடினார். அதைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, நாளைக்கு வரச் சொன்னார். அம்மா கையை நீட்டினார். மொழிபெயர்ப்பாளர், "நாளைக்கு, நாளைக்கு" என்று வாசலைக் காட்டினார்.

வெளியே வந்து, கடை வரிசைக்கு முன்னாலிருந்த ஐந்தடிப் பாதையில் இருபது அடி நடந்திருப்போம். அம்மா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். 

"எல்லார் வெலாசமும் அதுல இருக்குடி. வயசு, வேல, வீடு... நானே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. யார் யார் இளவயதுக்காரர்கள், யாருக்கு என்ன கைவேலை தெரியும், எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று நாங்களே பட்டியல் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

அன்றைக்கு முழுதும் நாங்கள் நடந்தோம். அதை நடை என்று சொல்ல முடியாது. அம்மா ஓடினார், நான் பின்னால் ஓடினேன். முதலில் பக்கத்துத் தெருக்கள். ஒவ்வொரு வீட்டிலும் அம்மா ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "பதிவேடு ஜப்பான்காரன் கையில இருக்கு. நான்தான் குடுத்தேன். பையன எங்கயாவது அனுப்பிடுங்க." சிலர் திட்டினார்கள். ஒரு பெண் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கெல்லாம் நிற்க நேரமில்லை. ஃபெரி ஏறிப் பாகான் டாலாமுக்குப் போனோம். அங்கே மூன்று வீடு. அதில் ஒரு பையன் எங்கள் கண் முன்னாலேயே சைக்கிளில் ஏறி, நிபோங் திபாலுக்கு அந்தப் பக்கம் பைராம் தோட்டத்திலிருந்த தன் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். திரும்ப ஃபெரி. பிறகு ஜெலுத்தோங்குக்கு நடை. அம்மாவின் ஒரு செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஜெலுத்தோங் பையன் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தான். அம்மா சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

"நான் கல்யாணமானவன் ஆன்ட்டி. கல்யாணமானவன தொட மாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னது தப்புப்பா. என் மருமகனையே கொண்டுபோயிட்டான். போயிடு."

"இவ இப்படி இருக்கறப்ப எப்படி ஆன்ட்டி விட்டுட்டுப் போறது?" என்றான். அவன் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மசக்கையில் முகம் வெளுத்திருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் எங்களை உள்ளே விடவில்லை. என் கணவரை ஏற்றிய ரயில் முந்தின நாளே பெருநிலத்துப் பிறை ஸ்டேஷனிலிருந்து போய்விட்டது என்று வாசலில் நின்ற பெண்கள் சொன்னார்கள். நாங்கள் பதிவேட்டோடு உள்ளே நின்றிருந்த நேரத்திலேயே அது போயிருக்க வேண்டும். பதிவேட்டைக் கேட்டதற்கு அந்த கிளார்க், "எந்தப் புத்தகம்?" என்றார். அது திரும்பி வரவேயில்லை.

நான்கு நாள் கழித்து ஜெலுத்தோங் பையனைப் பிடித்தார்கள். வீட்டில் இல்லை, ரோட்டில். அதே நேரத்தில் அதே ரோட்டில் வேறு இரண்டு சீனப் பையன்களையும் பிடித்தார்கள். அவர்கள் எங்கள் பதிவேட்டில் இருப்பவர்கள் இல்லை. பதிவேட்டில் இருந்த மற்றவர்கள் வீட்டுக்கு யாரும் தேடி வரவில்லை. அந்தப் புத்தகத்தை யாராவது திறந்து பார்த்தார்களா, அடுப்பெரிக்கப் போட்டார்களா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் அம்மாவை அரித்தது. காரணம் தான்தான் என்று தெரிந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு அழுதிருப்பார். இல்லை என்று தெரிந்திருந்தால் தூங்கியிருப்பார். இரண்டும் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் ஆசீர்வாதம் சொல்வதற்கு முன் அம்மா எழுந்தார். மூப்பர் இருக்கும் இடத்திலிருந்து இறங்கி, சபையாருக்கு நடுவே வந்து நின்றார்.

"பதிவேட்ட நான் எடுத்துட்டுப் போனேன். யாரையும் கேக்கல. என் மருமகன மீட்கணும்னு போனேன். உங்க பிள்ளைங்கள நினைக்கல. இனிமே நான் மூப்பர் இல்ல." சாவியைப் போதகர் முன்னால் வைத்தார்.

போதகர் எழுந்து ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். "தாய் மனசு..." என்று ஆரம்பித்தார்.

"அதச் சொல்லாதீங்க ஐயரே" என்றார் அம்மா.

ஜெலுத்தோங் பெண்ணின் தாய் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே மகளும் போனாள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, 'சொன்னது நான்' என்று சொல்லியிருக்கலாம். நான் எழவில்லை. என்னை எல்லாரும் கணவனைப் பறிகொடுத்தவள் என்று பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையை இழக்க எனக்குத் தைரியமில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னேன். "அம்மா, நான்தானே கொண்டுபோகச் சொன்னேன்."

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்றார் அம்மா. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்க அவர் விட்டதேயில்லை.

அம்மாவின் நடை அதோடு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் ஜெலுத்தோங்குக்குப் போவார். நாங்கள் வீட்டுக்குப் பின்னால் நட்டிருந்த கிழங்கு, கொஞ்சம் கேழ்வரகு, எப்போதாவது முட்டை. கதவு திறக்காது. பையை வாசலில் வைத்துவிட்டு வருவார். அடுத்த வாரம் போனால் பை காலியாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். பேச்சு மட்டும் இல்லை. பிரசவ வலி எடுத்த அன்றைக்குத்தான் அந்தத் தாய் கதவைத் திறந்து, "உள்ள வாங்க, அக்கா" என்றார். பெண் குழந்தை பிறந்தது. அம்மாதான் கையில் வாங்கினார். 

சண்டை முடிந்தது. ஜெலுத்தோங் பையன் வரவில்லை. அவனோடு ஒரே முகாமில் இருந்த ஒருவர் வந்து, காலராவில் போய்விட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னுடையவர் வந்தார். மூன்று மாதம் கழித்து, மலாய்க்காரர் ஒருவரின் மாட்டுவண்டியில், இடது காலில் எலும்பு தெரியும் புண்ணோடு. வாசலில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. புண் ஆற ஒரு வருஷம் ஆயிற்று. ஓரளவு நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஜப்பான்காரன் போயிட்டான்லா. நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார். போர்வையை நான் அவர் வந்த அன்றைக்கே அவிழ்த்து அவருக்குப் போர்த்திவிட்டிருந்தேன். அதைச் சொன்னேன். பயிற்சிக்கும் போனேன்; டீச்சரானேன். நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தோம்.

சபையார் அம்மாவை மறுபடி மூப்பராக இருக்கக் கேட்டார்கள். இரண்டு தடவை மறுத்தார். மூன்றாம் தடவை, ஏன் என்று சொல்லாமல், சரி என்றார். சாகும்வரை இருந்தார். யாருக்கும் பெண் பார்க்கவில்லை. எந்தக் கல்யாணத்திலும் சாட்சிக் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை நீட்டினால் பக்கத்தில் நிற்பவரைக் காட்டுவார்.

அம்மாவை அடக்கம் செய்த மறுவாரம் நான் பஸ் ஏறி ஜெலுத்தோங்குக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு, என்னைவிடச் சின்னவள்தான், அப்போதே தலை நரைத்திருந்தது. மறுமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் பலகாரம் செய்து கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"பதிவேட்டக் கொண்டுபோகச் சொன்னது நான். அம்மா இல்ல. சர்ச்சுல நான் சொல்லாம இருந்துட்டேன்."

அவள் எண்ணெயிலிருந்த வடைகளைத் திருப்பிவிட்டாள். வெந்ததும் எடுத்து வைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"ஒங்கம்மா இத்தன வருஷம் வந்தாங்க. ஒருநாளும் அதச் சொல்லலியே."

"சொல்லலை."

"அவரப் புடிச்ச அன்னிக்கு வீட்டுல கெழங்கு இல்ல. ஒங்கம்மா பேச்சக் கேட்டு அவரு நாலு நாளா வெளிய போகாமத்தான் இருந்தாரு. பசி தாங்காம நான்தான், போயி கொஞ்சம் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன்." அடுப்பைக் குறைத்தாள். "இத எங்கம்மாகிட்டகூட நான் சொன்னதில்ல."

 அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. நானும் அவளிடம், உன்மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது, அம்மா போதகரைத் தடுத்த மாதிரி அவளும் தடுத்துவிடுவாள் என்று பட்டது.  அவள் எழுந்து டீ ஊற்றினாள். மகள் வேலையிலிருந்து வரும் நேரமாகிவிட்டது, பார்த்துவிட்டுப் போ என்றாள். இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.